கராமா பஸ்ஸில் ஒரு விசா கவலை

ஒட்டுக்கேட்பதில் நான் கெட்டிக்காரன் என்று இத்தனை நாளாக நம்பியிருந்த முட்டாள் நான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டே ஓடாமல் தலையாட்டுவது என் உத்தி. நேற்று வளைகுடாவில், கராமா போகும் பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு சென்னைத் தம்பதி. மனைவிதான் ஆரம்பித்தார்.

“நாளைக்குப் பையனுக்கு அமெரிக்க விசா இன்டர்வியூங்க. படிக்கப் போற பசங்க இன்ஸ்டாவுல எழுதினதையெல்லாம் இப்போ நோண்டிப் பார்க்கிறாங்களாம்.”

“பார்க்கட்டுமே.”

“எலெக்‌ஷன்ல ஜெயிச்ச அந்த நாட்டுத் தலைவரைக் கிண்டல் பண்ணி எழுதியிருக்கானே!”

“அழிக்கச் சொல்லு.”

“அழிச்சா மறைச்சோம்னு ஆயிடும். காலேஜ்ல சீட்டு கிடைச்சும் போக முடியலன்னா?”

“இவனையெல்லாம் எந்த மடையன் ஏத்திவிட்டான்?”

“அதுக்குக் கீழே ‘சபாஷ்டா மகனே’ன்னு எழுதினது நீங்கதான்.”

நான் சிரித்துவிட்டேன். இருவரும் திரும்பினார்கள். “பாட்டு கொஞ்சம் காமெடி, மேடம்,” என்று சமாளித்தேன்.

அந்த அம்மா என் மடியைப் பார்த்தார்.

“முதல்ல ஒயரைப் போன்ல சொருகுங்க, சார்.”