கொழும்புக் கப்பலைக் காக்க வைத்த கையெழுத்து

தூத்துக்குடித் துறைமுகச் சுங்கச் சோதனைக் கொட்டகையில், 1976-ஆம் வருடம் ஆவணி மாதம் புதன்கிழமை பகல், தடுப்பு அதிகாரி திரு. ஜேசுபாதம் விசாரித்து எழுத, காசிலிங்கம் என்பவர் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் காசிலிங்கம். தகப்பனார் பெயர் சுடலைமுத்து. வயது ஐம்பத்திரண்டு. ஏரல் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ஏரலில் பாதிச் சனம் என் கடைக் குடத்தில்தான் தண்ணீர் எடுக்கிறது, மீதிச் சனம் என் கடையில் குடம் வாங்காத துக்கத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. விற்கிற பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பதும் நானே. இதுவரை என்மேல் வழக்கு எதுவும் கிடையாது. பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. எது கூட்டல் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

என் தங்கை முத்துக்கனியைக் கொழும்பில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவள் மகள் செல்லக்கனிக்கு வருகிற வெள்ளிக்கிழமை அங்கே கல்யாணம். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் சீர் வைத்து, பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்த பிறகுதான் தாலி. அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் என்று இந்தப் பூமியில் இருப்பது நான் ஒருவன்தான். இன்று புறப்படுகிற சரக்குக் கப்பலில் பயணிகளுக்கு இருக்கும் சில இடங்களில் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. அடுத்த கப்பல் கல்யாணச் சோறு ஆறிப்போன பிறகுதான்.

சீரைக் கொழும்பிலேயே வாங்குவது என்று முடிவு செய்தேன். அதற்கு அங்கே செல்லுகிற பணம் வேண்டும். நம் ரூபாயைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போகச் சட்டம் இடம் கொடாது. அந்தச் சமயம் தாணுலிங்கம் என்ற தரகர் என் கடைக்கு வந்தார். “அண்ணாச்சி, இங்கன ரூபாயக் குடுங்க. ஒரு சீட்டக் கிழிச்சிப் பாதி தாரேன். கொழும்புல மறுபாதி வச்சிருக்க ஆளு பணம் தருவான்” என்றார். அந்த ஆள் எங்கே இருப்பான் என்று கேட்டேன். “அது யாருக்குமே தெரியாது அண்ணாச்சி, அம்புட்டுப் பத்திரம்” என்றார். அத்தோடு நூற்றுக்கு இருபத்தைந்து தனக்குக் கூலி என்றும் சொன்னார். என் மனைவி சுடலைமாடத்தி உள்ளே இருந்து கரண்டியோடு வந்ததும் தரகர் போய்விட்டார்.

அதன்பிறகு நான் தூத்துக்குடிக்கு வந்து ஒரு வங்கிக் கிளையில் ஏஜெண்டாக, அதாவது மேலாளராக, இருக்கும் நாசரேத்துக்காரர் திரு. ஜெபசிங்கைப் பார்த்தேன். அவர் பயணிகள் காசோலை என்ற ஒன்றை எடுத்துக் காட்டினார். ரிசர்வ் வங்கி அனுமதித்த அளவுக்கு டாலரில் வாங்கிக்கொள்ளலாம், கமிஷன் சொற்பம் என்றார். அந்த அளவு ஒரு வௌவாலுக்குப் பல்பொடி வாங்கக் காணாது என்று நான் சொன்னதற்கு, சிக்கனமாகத் துலக்கட்டும் என்றார். காசோலையின் மேல் பக்கம் இப்போதே ஒரு கையெழுத்து, கீழ்ப் பக்கம் கொழும்பு வங்கியில் காசாளரின் கண்முன்னால் ஒரு கையெழுத்து, இரண்டும் ஒத்துப் போனால்தான் பணம், ஆகவே திருடன் கொண்டுபோனாலும் அவனுக்கு அது வெறும் காகிதம் என்று விளக்கினார். கப்பல் இறங்கும் இடத்தில் நோட்டு மாற்றித் தருகிறேன் என்று வருகிறவனிடம் போகாமல் வங்கியிலேயே மாற்ற வேண்டும், தேவைக்குத் தகுந்தபடி ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், எண்களைத் தனியாகக் குறித்து வேறு பையில் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். இவ்வளவு பெரிய தந்திரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு எட்டயபுரம் வரைக்கும் நிலம் எழுதி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

“யாராலும் போலி செய்ய முடியாத கையெழுத்தாப் போடுங்க அண்ணாச்சி” என்று அவர் பேனாவைக் கொடுத்தார். அந்த வார்த்தையில் எனக்கு உற்சாகம் தலைக்கு ஏறிவிட்டது. கடையில் எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் முதலில் பிள்ளையார் சுழி போடும் பழக்கத்தில் காசோலையின் மேலே சுழியைப் போட்டேன். “அண்ணாச்சி! அது செக்கு, உங்க கடைக் கணக்கு இல்ல!” என்று அவர் சத்தம் போட்டார். அதற்குள் என் கை நிற்கவில்லை. இருபத்தைந்து வருடமாகக் குடத்திலும் குத்துவிளக்கிலும் பெயர் வெட்டிய கை. ‘கா’வுக்கு யானைத் துதிக்கை, ‘சி’க்குக் குடை, ‘லி’க்குத் தோரணம், ‘ம்’ முடிந்த இடத்தில் ஒரு வால், அது திரும்பி வந்து எல்லா எழுத்தையும் ஒரு சுற்றுச் சுற்றியது. எல்லாக் காசோலையிலும் அப்படியே போட்டேன். சுழி ஓரத்தில்தான் இருக்கிறது, செல்லும் என்று திரு. ஜெபசிங் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

வீட்டில் காட்டியபோது என் மனைவி, “இம்புட்டு நீளமா? இதப் புடிச்சிக்கிட்டே கொழும்புக்கு நடந்து போயிரலாமே, கப்பலு எதுக்கு?” என்றாள். கல்யாணக் காரியம் என்பதால் காசோலைகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தவளும் அவளே.

அதன்பிறகு இன்று காலை நான் இந்தக் கொட்டகைக்கு வந்து பெட்டியைத் திறந்து காட்டினேன். அய்யா காசோலைகளை எடுத்து முகர்ந்து பார்த்து, இது என்ன ரசாயனம் என்று கேட்டார். மஞ்சள் என்றேன். அதன்பிறகு என் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் என் கையெழுத்து எறும்பு அளவுக்கு இருக்கிறது. அந்தக் கட்டம் சின்னது, மதராஸில் அதிகாரி பேனாவைப் பிடுங்குகிற மாதிரி நின்றார், சுழி போட விடவில்லை. திருட்டுக் காசோலைகள் துறைமுகம் வழியாகப் போவதாகத் தகவல் வந்திருக்கிறது, பாஸ்போர்ட்டில் ஒரு கை, செக்கில் ஒரு கை, இது யாருடைய செக்கு என்று அய்யா கேட்டார். அவர் கேட்டதில் குற்றம் இல்லை.

அதன்பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் சுழிக்குக் கையை வளைத்தேன். “கையெழுத்து மட்டும். வேற குறி எதுவும் கூடாது” என்றார். அய்யா வேதக்காரர், கிறிஸ்தவர், சுழி போடும் பழக்கம் அவருக்கு இல்லை. நான் நேரடியாக ‘கா’வில் தொடங்கினேன். துதிக்கை வரவில்லை, யானைக்கு வால்தான் வந்தது. இன்னொரு தாள் கொடுத்தார். அதில் குடை மடங்கிவிட்டது. மூன்றாவதில் தோரணம் அறுந்து விழுந்தது. வாசலில் நின்ற ஹவில்தார் வன்னியபெருமாள் எட்டிப் பார்த்து, “செக்குல இருக்கது மயிலு. தாள்ல இருக்கது உரிச்ச கோழி. ரெண்டையும் பெத்தது ஒரே ஆளா அண்ணாச்சி?” என்றார். கப்பலில் முதல் சங்கு ஊதியது. யாராலும் போலி செய்ய முடியாத கையெழுத்தைப் போட்ட எனக்கும் அதைப் போலி செய்ய முடியவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காசோலைகளைப் பிடித்து வைத்து வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், உள்ளூர்க் கிளை சொல்வது போதாது, பதில் வர ஒரு வாரம் ஆகலாம் என்று அய்யா சொன்னார். செல்லக்கனி பிறந்தபோது முத்துக்கனி எழுதிய கடிதத்தில், ‘அண்ணே, இவ கல்யாணத்துக்கு நீ வந்தாத்தான் எனக்கு ஊரு வந்த மாதிரி’ என்று இருந்தது. அதை அய்யாவிடம் சொன்னேன். அவர், சரி, நடந்ததை வரிசையாகச் சொல்லும், எழுதுகிறேன் என்று இந்தத் தாளை எடுத்தார்.

நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் சங்கு ஊதியது. அப்போது மேசைமேல் கிடந்த காசோலையை மறுபடி பார்த்தேன். துதிக்கை ‘கா’வில் தொடங்கவில்லை. சுழியின் வாலில் இருந்து பேனா எடுக்காமல் இறங்கி வந்திருக்கிறது. சுழி இல்லாமல் என் கைக்கு எங்கே புறப்படுவது என்று தெரியாது. கப்பலுக்குத் துறைமுகம் எப்படியோ, என் கைக்கு அது அப்படி. இதை நான் எழுந்து நின்று உரக்கச் சொன்னதில் மைக்கூடு கவிழ்ந்தது. அதற்கு வருந்துகிறேன்.

ஆகவே இந்த வாக்குமூலத்தில் போடும் கையெழுத்தைச் சுழியோடு போட எனக்கு அனுமதி கொடுத்து, அதையே காசோலையோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டேன். அய்யா ஜன்னல் வழியாகக் கப்பலைப் பார்த்தார். “சரி, போடும். ஒரே தடவைதான்” என்றார்.

மேலே உள்ளதை நான் சொல்ல அய்யா எழுதி, எனக்கு வாசித்துக் காட்ட, நான் கேட்டு ஒப்புக்கொண்டேன். ஏரல் சனம் தண்ணீர் குடிப்பதில்லை என்ற வரி மட்டும் கூட்டல். மற்றதெல்லாம் நடந்தபடியே.

உ
(ஒப்பம்) காசிலிங்கம்

அதிகாரி குறிப்பு: மேற்படி கையெழுத்தைக் காசோலைகளில் உள்ளதோடு ஒப்பிட்டேன். சுழி முதல் வால் வரை பொருந்துகிறது. தாளில் இடம் போதாமல் வாலின் ஒரு பகுதி மேசைமேலும் எனது சட்டைக் கையிலும் தொடர்வதால் அதைக் கோப்பில் இணைக்க இயலவில்லை. காசோலைகளும் பாஸ்போர்ட்டும் திருப்பிக் கொடுக்கப்பட்டன. கொழும்பில் காசாளரிடம் முதலில் சுழிக்கு அனுமதி கேட்குமாறு அறிவுறுத்தினேன். கப்பலை நிறுத்தி வைக்க ஹவில்தார் வன்னியபெருமாள் ஓடியிருக்கிறார். மேற்படி நபர் பெட்டியுடன் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்.

(ஒப்பம்) ஜேசுபாதம்