ஐந்து மணி அளவு

மலையேறும்போது தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடித்துவிட வேண்டும். தாகம் வரட்டும் என்று இருப்பவனுக்குச் சாயங்காலம் தலைவலி நிச்சயம். எங்கள் குழுவில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள், யாரும் என்னைக் குறைசொல்ல மாட்டார்கள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. அது தெரிந்ததும் வழிகாட்டி ஆக்சிமீட்டரையும் நோட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டார். விரலைக் கவ்விக்கொள்ளும் சின்னக் கருவி. மேலே ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அளவு, கீழே நாடித்துடிப்பு என்று இரண்டு எண்களைக் காட்டும். காலை, மதியம், மாலை ஐந்து மணி என மூன்று வேளையும் எல்லோருக்கும் பார்த்து எழுத வேண்டும். ஆக்சிஜன் எழுபதுக்குக் கீழே போனால் மறுபேச்சே கிடையாது, ஆளை உடனே கீழே இறக்க வேண்டும். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். விரல் சில்லிட்டிருந்தால் கருவி குறைத்துக் காட்டும். அதனால் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

அந்த நோட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. எங்கள் கூடத்தில் பார்க்காமலேயே ஏதோ ஓர் எண்ணை எழுதிவைக்கும் ஆட்கள் உண்டு. அவர்களோடு நான் டீ குடிக்கக்கூடப் போனதில்லை.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். என் தங்கையின் கணவர். அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். அதன்பிறகு அவளுக்குச் சடை பின்னிவிட்டதும் பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றதும் நான்தான். எனக்கென்று ஒரு கல்யாணத்தை நினைத்துப் பார்க்கவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் மாடியில் அவர்கள், கீழே நான். ஒன்பது வருடம் நன்றாகத்தான் போனது.

ஆறு மாதமாகத்தான் ஏதோ சரியில்லை. போன் வந்தால் மாப்பிள்ளை மொட்டைமாடிக்குப் போய்விடுவார். நான் படியேறும் சத்தம் கேட்டதும் பேச்சு வெயிலுக்கும் மழைக்கும் மாறிவிடும். குப்பைக்கூடையில் பாஸ்போர்ட் போட்டோ கத்தரித்த மிச்சக் காகிதம் கிடந்தது. கொளுத்துகிற வெயிலில் தங்கை கனமான கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கி, பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தாள். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒரு வீட்டில் பொறுப்பானவன் என்று ஒருவன் இருந்தால் எல்லாவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். என்னவென்று கேட்டேன். சும்மாதான் என்றாள், வளையலைத் திருகிக்கொண்டே. பொய் சொல்லும்போதெல்லாம் அவள் அப்படித்தான்.

பிறகு, ஒன்பது வருடத்தில் என்னோடு தெருமுனைக்குக்கூட வராத மாப்பிள்ளை, சேர்ந்து மலைக்குப் போகலாம் என்றார். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சரி என்று கிளம்பினேன்.

மூன்றாம் நாள், மற்றவர்களை முன்னால் நடக்கவிட்டு, ஒரு பாறையில் உட்கார்ந்து சொன்னார்.

"மச்சான், எனக்கு வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்கு. அடுத்த மாசம் ரெண்டு பேரும் கிளம்பறோம். உங்ககிட்ட சொல்ல அவளுக்கு பயமா இருக்கு, அதான் நான் சொல்றேன்."

"என்னப் பார்த்தா பயமா?"

"நீங்க பிரிக்காம அவ கைக்கு ஒரு லெட்டர்கூட வந்ததில்ல மச்சான்."

நான் கோபப்படவில்லை. சந்தோஷம் என்று கைகொடுத்தேன். நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். பாரம் இறங்கியதுபோல அவர் வேகமாக நடந்தார். உயரத்தில் அப்படி வேகமாக நடக்கக் கூடாது. அதை அப்போது நான் சொல்லவில்லை.

மறுநாள் விடாமல் இருமினார், சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தார். குடித்தவர் மாதிரி கால் பின்னியது. மதியம் பார்த்தபோது ஆக்சிஜன் எழுபத்தாறு, நாடி நூற்றுப் பன்னிரண்டு. இருமலைப் பற்றி வழிகாட்டி கேட்டார். தூசி என்றேன். என் பேச்சில் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

ஐந்து மணிக்கு எனக்குப் பார்த்து எழுதிக்கொண்டு, மாப்பிள்ளையின் கூடாரத்துக்குள் போனேன். அவர் கைகள் இரண்டையும் நன்றாகச் சூடு வரும்வரை தேய்த்தேன். அறுபத்தொன்று. நாடி நூற்று இருபத்துநான்கு. இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தேன். அறுபது.

"மூச்சு முட்டுது மச்சான். கீழ போயிடலாமா?"

"கை சில்லுன்னு இருக்கு, அதான் கம்மியா காட்டுது. தூங்கினா சரியாயிடும்."

வழிகாட்டி வெளியிலிருந்து எவ்வளவு என்று கேட்டார். கருவியைக் கழற்றி என் விரலில் மாட்டிக்கொண்டேன். எண்பத்தேழு என்று சொன்னேன். மாப்பிள்ளையின் வரிசையில் இரண்டு எண்களையும் எழுதினேன். போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். காலையில் டீ கொண்டுபோனவர்தான் முதலில் பார்த்தார்.

பொய் எழுதுவதென்றால் வாய்க்கு வந்த எண்ணை எழுதியிருக்கலாமே, எதற்கு உங்கள் விரல் என்று கேட்டீர்கள். எனக்குக் கை வராது. கருவி காட்டாத எண்ணை நான் வாழ்க்கையில் எழுதியதில்லை. அந்த நோட்டில் இருப்பது எல்லாமே உண்மையான அளவு.

தங்கை இன்னும் என்னைப் பார்க்க ஸ்டேஷனுக்கு வரவில்லை. அழுதுகொண்டிருப்பாள். கீழ்வீட்டுச் சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். இனி அவள் தனியாக மாடியில் இருக்க வேண்டாம்.

அந்த நேரத்தில் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். கூடாரத்துக்குள் போவதற்கு முன் என் வரிசையில் எழுதிய நாடி அறுபத்தெட்டு. உள்ளே அவர் வரிசையில் எழுதியது அறுபத்துநான்கு. இரண்டும் என்னுடையவைதான்.