நாப்பத்தொரு பேப்பர்ல அதே ரெண்டு அம்பு

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிக்கக் கூடாதா சார்? காப்பி அடிச்சிட்டாங்க, ஒருத்தி தவிர மொத்த கிளாஸுக்கும் பரீட்சை ரத்து, ஒரு வருஷம் வீட்ல உக்காரட்டும்னு ரிப்போர்ட்டை டைப் அடிச்சு சீலும் வெச்சுட்டீங்க. கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கின்னு என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. உக்காருங்க. நாப்பத்திரண்டு பேப்பரையும் பார்த்துட்டேன்.

எதை வெச்சு காப்பிங்கிறீங்க? நாப்பத்தொண்ணுல ஒரே தப்பு. சரி, என்ன தப்பு, சொல்லுங்க பார்ப்போம். தெரியாது. பரீட்சைப் பிரிவுல பதினெட்டு வருஷம், பேப்பர் கட்டு கட்டறதுல புலி, கட்டுக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் தெரியாது.

நானே சொல்றேன். நைட்ரேட் அயனி. நடுவுல ஒரு நைட்ரஜன், சுத்தி மூணு ஆக்சிஜன். ஒண்ணோட ரெட்டைக் கோடு, மத்த ரெண்டோட ஒத்தைக் கோடு. ரெட்டைக் கோட்டை எந்த ஆக்சிஜன்கிட்ட வேணா போடலாம், அதனால மூணு படம். படத்துக்குப் படம் நடுவுல ரெண்டு முனையும் கூரா ஒரே ஒரு அம்பு போடணும். இதுங்க போட்டிருக்கற லட்சணத்தைப் பாருங்க. போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு அம்பு. பஸ் ரூட்டா சார் இது?

அம்புதானேங்கிறீங்களா? அப்ப உங்களுக்கும் பூஜ்யம். ரெண்டு அம்பு போட்டா இது அதுவா மாறுது, அது இதுவா மாறுதுன்னு அர்த்தம். அங்க எதுவும் மாறல. மூணு பிணைப்பும் எந்நேரமும் ஒரே நீளம். நீலத்தையும் மஞ்சளையும் கலந்தா பச்சை. அந்தப் பச்சை காலைல நீலமாவும் மத்தியானம் மஞ்சளாவுமா இருக்கு? இருக்கறது ஒரே அயனி. அதை இந்தக் கோடுகளை வெச்சு ஒரே படத்துல காட்ட நமக்கு வக்கில்ல, மூணு போடறோம். அவ்ளோதான் விஷயம்.

கீழ எழுதியிருக்கற விளக்கம் இன்னும் கேவலம். ரெட்டைப் பிணைப்பு வாட்ச்மேன் மாதிரி மூணு கேட்லயும் முறை வெச்சு மாறி மாறி நிக்குமாம். நாப்பத்தொரு பேரும் வார்த்தை பிசகாம. பாடம் நடத்தறப்ப இப்படி ஒரு உதாரணத்தைச் சொன்னா கிளாஸே சிரிச்சிருக்கும். சிரிச்சதும் சொன்ன ஆளுக்குத் தலைகால் புரிஞ்சிருக்காது. புத்தகத்தைத் திறக்கக்கூட சோம்பேறித்தனம்.

யாரையும் காப்பாத்தல சார். மார்க்கை நல்லா குறைங்க. ஆனா பிட்டு சுத்தி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, ரெண்டு ஹால், நடுவுல சுவரு. பிட்டு சுவரேறிக் குதிச்சுதா?

அப்ப அந்த ஒருத்தி மட்டும் எப்படி சரியா எழுதினா? பரவால்ல, இப்பதான் ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க. நேர்மையான பொண்ணுன்னு ரிப்போர்ட்ல பாராட்டு வேற. இந்தப் பாடம் நடத்தின அன்னிக்கு அவ கிளாஸுக்கே வரல சார். காய்ச்சல்னு லீவு. வீட்ல உக்காந்து புத்தகத்தைப் படிச்சிருக்கா, தப்பிச்சா.

எனக்கு எப்படித் தெரியுமா? அட்டெண்டன்ஸ் எடுத்தது நான்தானே.

ஆமா, உங்க ரெஜிஸ்டர்ல அந்த கிளாஸ் மேடம் பேருதான் இருக்கும். அவங்க பிரசவ லீவுல போனப்ப மூணு வாரம் நான்தான் போனேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ், எனக்கெதுக்கு குறிப்புன்னு வெறுங்கையோட. ஜன்னல் வழியா நம்ம கேட்டைக் காட்டி வாட்ச்மேன் கதை விட்டது நான். போர்டுல ரெண்டு அம்பு போட்டதும் இந்தக் கைதான். வெக்கமா இருக்கு சார். அத்தனை பேர்ல ஒண்ணாவது எந்திரிச்சு, மேடம் அம்பு தப்புன்னு சொல்லுச்சா? சொல்லியிருந்தா நான் சும்மா விட்டிருப்பேனாங்கிறது வேற விஷயம்.

ரிப்போர்ட்டை இப்படிக் குடுங்க. யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு ஒரு கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்க பாருங்க, அதுல என் பேரை எழுதித் தர்றேன். இனிஷியலோட.