இருமல் இல்லாத அரை மணி நேரம்

முதலில் அந்த ஃபேனை நிறுத்துங்கள் சார். ரெக்கார்டரை வெறும் மேசைமேல் வைக்காதீர்கள். நீங்கள் பேனாவைக் கீழே வைத்தால்கூட இடி விழுந்த மாதிரி பதியும். ஒரு துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். இப்போது சரி.

என் பெயர் இஞ்ஞாசிமுத்து. காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாக மைக் செட் வைத்திருக்கிறேன். மாதா தேரானாலும் கட்சிக் கூட்டமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் தேனம்மை ஆச்சி என்னைத் தேடி வந்தார்கள். கானாடுகாத்தானில் இருக்கும் அவர்களுடைய பெரிய வீட்டை இடித்து விற்பதா, ஹோட்டலாக்கிக் காப்பாற்றுவதா என்று பங்காளிகள் முடிவு செய்ய வேண்டும். பங்காளிகள் எல்லாரும் சிங்கப்பூரில். ஆச்சி இங்கிருந்து கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வழியாகப் பேசுவார்கள், அவர்கள் அங்கே ஒரு ஹாலில் உட்கார்ந்து கேட்பார்கள் என்று ஏற்பாடு. இந்தத் தொண்ணூற்றொன்பதில்கூட எங்கள் பக்கம் அது புதுசு.

கம்ப்யூட்டரோடு வந்த மைக்கில் பேசினால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. அதைக் கழற்றிவிட்டு என் மைக்கை மிக்ஸர் வழியாக இணைத்தேன். அந்த வீட்டுச் சுவர்கள் முட்டைப்பூச்சு, வெள்ளைக்கரு கலந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகப் பூசியது. ஒரு சொல் சொன்னால் மூன்றாகத் திரும்பி வரும். கல்யாணச் சீராக வந்து பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கி, தூசி தட்டி, சுவரோடு சாத்தினேன். ஜன்னலை அடைத்தேன். ஆச்சியின் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி மைக்கை வைத்தேன். இதற்கு மேல் எவனாலும் செய்ய முடியாது.

ஆனால் அங்கே பூமிநாதன் இருந்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சாவிக்காரன். முதல் தடவை ஆச்சி பேசியபோது அவன் வளவில், வீட்டு நடுமுற்றத்தில், நின்று இருமிக்கொண்டே இருந்தான். "யாரு ஆச்சி அது, ஆட்டை உள்ளே கட்டியிருக்கீகளா?" என்று சிங்கப்பூரில் ஒருவர் கேட்டார். ஹாலே சிரித்தது. பேச்சை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். அந்தச் சிரிப்பு என் ஹெட்ஃபோனுக்குள் வந்து விழுந்தது சார். அவமானத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவனைக் கவனித்தேன். சாப்பிடும்போது இருமவில்லை. குளிக்கும்போது இருமவில்லை. நான் மெத்தையைத் தொட்டால் மட்டும் இருமுவான். சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? வீடு ஹோட்டலானால் சாவி இன்னொருவன் கைக்குப் போய்விடும். அதற்காகவே வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைக்கிறான் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கொஞ்ச நேரம் கடைவீதிக்குப் போகச் சொன்னேன்.

"இந்த வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்குண்ணே. கதவு தொறந்து கெடக்கையில சாவிக்காரன் வாசப்படி தாண்டப்படாது. நீங்க எங்க சொல்றீகளோ அங்குட்டு உக்காந்துக்கிறேன்" என்றான்.

வளவுக்கு எதிர்ப்பக்கம் ஜன்னல் இல்லாத சாமான் அறை ஒன்று. மீதி மெத்தைகள் அங்கேதான் அடுக்கியிருந்தன. மறுபேச்சில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தான். மூச்சிரைப்புக்காக இடுப்பில் ஒரு இன்ஹேலர் செருகியிருந்தான். அழுத்தினால் புஸ்ஸென்று சத்தம் வரும். அதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"முடிஞ்சதும் தந்துருவீகள்லண்ணே?" என்றான்.

தருகிறேன் என்றேன். கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டு, இரண்டு மெத்தைகளைக் கதவோடு நிறுத்தினேன். பூமிநாதன் கடைக்குப் போயிருக்கிறான் என்று ஆச்சியிடம் சொன்னேன். "அவனா? வாசலைத் தாண்ட மாட்டானே" என்று ஆச்சி என் முகத்தையே பார்த்தார்கள். அதற்குள் சிங்கப்பூர் லைன் கிடைத்துவிட்டது.

ஆச்சி அன்று அருமையாகப் பேசினார்கள். பர்மாவிலிருந்து தேக்குத் தூண் வந்த கதையைச் சொன்னபோது அங்கே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அதுகூட எனக்குக் கேட்டது. வீட்டை இடிப்பதில்லை என்று முடிவாயிற்று. கைதட்டல் முழுவதையும் கேசட்டில் பதிவு செய்துவிட்டுத்தான் எழுந்தேன். கதவைத் திறந்தபோது பூமிநாதன் நிலைப்படியில் தலை வைத்துக் கிடந்தான். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. இன்ஹேலர் என் சட்டைப்பையில் இருந்தது. அதை நீங்களே எடுத்தீர்கள்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்தம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று இதே ஸ்டேஷனில் நீங்கள் கனிவாக ஒன்று கேட்டீர்கள், சத்தியமூர்த்தி சார். "ஹெட்போன் மாட்டியிருந்தீக, கதவைத் தட்டுனது கேட்டிருக்காது, அப்புடித்தானே?" என்று. ஆமாம் என்று சொன்னால் எனக்கு நல்லது என்பது தெரிகிறது. ஆனால் இருபத்திரண்டு வருடம் தொழில் செய்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஹெட்ஃபோன் மாட்டினால்தான் எனக்கு நன்றாகக் கேட்கும்.

முதல் தட்டே கேட்டது. அது தரை வழியாக வந்து மைக் ஸ்டாண்டில் ஏறியது. மிக்ஸரில் பாஸை, அந்த அடிச்சத்தத்தை, குறைத்தேன், போய்விட்டது. பிறகு "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டான். மனிதக் குரலை அப்படி எடுத்துவிட முடியாது. எடுத்தால் ஆச்சியின் குரலும் சேர்ந்து போகும். அதனால் ஆச்சி மூச்சு விடும் இடைவெளிகளில் மட்டும் மைக்கின் சத்தத்தை இறக்கி இறக்கி ஏற்றினேன். பத்து நிமிடம் கை நடுங்காமல் செய்தேன். கேசட் உங்களிடம்தானே இருக்கிறது, நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். அவன் எந்த இடத்தில் கூப்பிட்டான் என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.