சகலையின் அறுபது அடிக் கம்பு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் நின்றவர்கள் மட்டும் பத்தொன்பது பேர். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். மாடி ஜன்னல் கண்ணாடிகளைத் தரையில் நின்றே கழுவுவது அவர்கள் தொழில். தண்ணீர் உள்ளே ஏறி நுனி பிரஷ்ஷில் வழியும் நீளக் கம்பு ஒன்று வாங்கக் கிளம்பியிருந்தார்கள்.

“சகலை அறுபது அடி வச்சிருக்கான். எனக்கு அறுபத்தஞ்சு வேணும்.”

“நாம கழுவுற உசரமான கட்டடமே மூணு மாடிதாங்க. நாப்பது அடி போதாதா?”

“அந்த அஞ்சு மாடிக் காலேஜ் வேல சகலைக்குத்தானே போச்சு? ஊரே பாக்க நடுவுல நின்னு நீட்டுறான்.”

“இப்ப இருக்குற முப்பது அடிக்கே உங்க தோளுக்கு தினம் தைலம் தேய்க்கிறேன்.”

“சகலைக்கு மட்டும் இரும்புத் தோளா?”

பதினெட்டு நிமிடத்தில் பதினோரு ‘சகலை’. அப்போது அவளுக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அக்காதான். மாமா காலேஜுல போர் தண்ணிய அப்படியே விட்டுக் கழுவிட்டாராம். காஞ்சதும் அஞ்சு மாடிக் கண்ணாடியும் உப்புப் பூத்து வெள்ளையா நிக்குதாம். தண்ணியிலருந்து உப்பை எடுக்குற நம்ம மெஷினை ரெண்டு நாளைக்குக் கேக்குறாரு.”

அவர் வெளியே பார்த்தார். ஏழு மின்கம்பங்கள் கடந்தன.

“குடுக்கறேன்னு சொல்லு. ஆனா மெஷினோட நானும் வருவேன்.”

“எதுக்குங்க?”

“கம்பை நான்தான் பிடிப்பேன்.”