கடிபட்ட இருபது சென்ட்

இந்த ஸ்டேஷன் அறையின் விளக்கு ரொம்ப வெள்ளை, கான்ஸ்டபிள். நேரே உச்சந்தலையில் அடிக்கிறது. இதன் கீழே எந்த நாணயத்தை வைத்தாலும் சப்பையாகத்தான் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில், சாய்ந்து வர வேண்டும். அப்போதுதான் முகத்தில் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். தேநீர் மட்டும் அருமை.

நீங்கள் நாணயங்களைப் பற்றிக் கேட்க வந்தீர்கள். அதை முதலில் முடித்துவிடுவோம். ஆமாம், எல்லாவற்றையும் செய்தது நான்தான்.

எங்கள் நாணயக் கிளப் வியாழக்கிழமைகளில் விண்யார்ட் பௌல்ஸ் கிளப்பின் பின்னறையில் கூடும். எட்டு ஒன்பது பேர், ஒரு தட்டு லாமிங்டன் கேக், ஆளுக்கொரு லென்ஸ். வங்கியிலிருந்து சில்லறைப் பைகளை வாங்கி வந்து மேஜையில் கொட்டுவோம். நாணயச்சாலையில் பிழையாக அச்சாகி, யார் கண்ணிலும் படாமல் தப்பி வந்த காசு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டுவோம். ராணியின் தலை கோணலாக விழுந்தது, எழுத்து இரட்டையாக விழுந்தது, பிஸ்கட்டைக் கடித்த மாதிரி ஓரத்தில் ஒரு துண்டு போனது. கிடைத்தால் அதைப் படம் எடுப்பது என் வேலை. நான் எடுத்த படங்களை இணையக் குழுவில் பெர்த்தில் இருப்பவர்கள்கூடப் பாராட்டுவார்கள். மிச்சக் காசை மறுநாள் அதே வங்கியில் கொண்டுபோய்க் கொடுப்போம். அங்கே இருக்கும் பெண்ணுக்கு எங்களைக் கண்டாலே சாப்பாட்டு இடைவேளை ஞாபகம் வந்துவிடும்.

போன குளிர்காலம் முழுக்க ஒன்றும் அகப்படவில்லை. ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். க்ளாரி வாடுவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. க்ளாரிக்கு எண்பத்து நான்கு வயது, பால் லாரி ஓட்டியவர், மனைவி போன பிறகு வியாழக்கிழமைக்காகவே சவரம் செய்துகொள்பவர்.

"ஏம்ப்பா லெஸ்டர், என் கண்ணு போச்சா, இல்ல காசெல்லாம் திருந்திடுச்சா?" என்றார் ஒரு நாள்.

"காசு திருந்திடுச்சு, க்ளாரி. நீங்கதான் இன்னும் திருந்தல," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் தேநீர் வருவதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வாரம் என் கொட்டகையில் ஓர் இருபது சென்ட்டை வைஸ் இடுக்கியில் பிடித்து, அதில் பொறித்திருக்கும் பிளாட்டிபஸ் விலங்கின் தலைக்கு மேலே பிறை மாதிரி ஒரு துண்டு வெட்டினேன். அரத்தால் தேய்த்து, பழுப்பேற்றி, ஒரு வாரம் சட்டைப் பையில் சாவிகளோடு போட்டுக் குலுக்கினேன். வங்கியிலிருந்து பைகளைக் கொண்டு வருவதும் நான்தான், என் காரின் பின்பெட்டி பெரியது. க்ளாரியின் பையில் அதை நுழைப்பது கஷ்டமாக இல்லை.

அவர் கத்திய கத்தலில் வெளியே புல்வெளியில் பந்து உருட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போய்விட்டார்கள். கிழவர் நாற்காலியைச் சுற்றி ஆடினார், கான்ஸ்டபிள். நீங்கள் அதைப் பார்த்திருந்தால் இந்தக் காகிதத்தையெல்லாம் மூடி வைத்திருப்பீர்கள்.

அதன் பிறகு ஆளுக்கு ஒன்று கிடைக்கும்படி பார்த்துக்கொண்டேன். அவசரப்படவில்லை. கிளப்பில் பதினாறு பேர் ஆனோம். லாமிங்டன் இரண்டு தட்டு. எல்லாவற்றையும் நானே படம் எடுத்தேன்.

நரெல்லுக்கும் ஒன்று வைத்தேன். அதுதான் தவறு.

நரெல் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு இருந்த ஒரே நெருங்கிய தோழி என்றுகூடச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் எங்காவது போவோம். தன் காசைப் பார்த்து அவள் ஆடவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் நான் எடுத்த படங்களை வரிசையாகத் திறக்கச் சொன்னாள்.

"எல்லாப் படத்துலயும் கீழ் ஓரம் மட்டும் ஏன் இருட்டா இருக்கு, லெஸ்?"

"விளக்கு அப்படி விழுந்திருக்கும்."

"உனக்கா? ஈ உட்கார்ந்தாக்கூட அதோட மீசைக்குத் தனி வெளிச்சம் வெச்சு எடுக்கிற ஆளு நீ. முப்பது வருஷமா கடியைப் பார்த்தவகிட்டயே போலிக் கடியக் காட்டாத."

விஷயம் இதுதான். துண்டு போன தகட்டை அச்சில் அழுத்தும்போது, வெட்டுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் சரியான அழுத்தம் விழாது. அதனால் உண்மையான பிழைக் காசில் அங்கே விளிம்பு மழுங்கியிருக்கும். அச்சான பிறகு வெட்டினால் விளிம்பு முழுசாக, கம்பீரமாக நிற்கும். நான் அந்தப் பக்கம் வெளிச்சம் போகாமல் எடுத்தேன். அவள் தன் காசை விளக்கின் பக்கம் திருப்பினாள், அவ்வளவுதான். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை வாயில் சாக்லேட்டைப் பார்த்துவிட்ட பல் டாக்டரின் சிரிப்பு.

அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் க்ளாரியைத்தான் நினைத்தேன். அந்தக் காசை அவர் கண்ணாடிப் பெட்டியில், மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அது பொய் என்று தெரிந்தால் அந்த மனிதர் என்ன ஆவார்? பதினைந்து பேரின் சந்தோஷம் ஒரு பக்கம், ஒரே ஒருத்தி இன்னொரு பக்கம். இப்படி வைத்துப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை, கடலோரச் செங்குத்துப் பாறையான டேபிள் கேப்புக்குப் போனோம். டூலிப் பூத்த நேரம், சிவப்பும் மஞ்சளும் கடல் வரை வரி வரியாக. நரெல் ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். காற்று அதிகம், அதனால் பார்வை மேடையில் வேறு யாருமில்லை. கீழே பாறையில் கடற்கழுகு கூடு கட்டியிருக்கிறது என்றேன். "எங்க, எங்க?" என்று தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நான் நாணயத்தை எப்போதும் விளிம்பில் இரண்டு விரலால்தான் பிடிப்பேன், முகத்தில் கை படக் கூடாது. அன்றைக்கு இரண்டு உள்ளங்கைகளும் தேவைப்பட்டன.

உங்கள் ஆட்கள் அப்போது அதை விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். எனக்குப் போர்வை கொடுத்தார்கள், மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள்.

சவ அடக்கத்தின்போது மாட்டிய அவளுடைய படம்கூட நான் எடுத்ததுதான். பக்க வெளிச்சம். எல்லோரும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அந்த மேடையில் நரெல் பெயரில் ஒரு பெஞ்சு போட வேண்டும் என்று க்ளாரி ஆசைப்பட்டதையும், அதற்காகத் தன் காசை விற்க மெல்பர்னுக்கு அனுப்பியதையும், அங்கிருந்தவர்கள் உங்களுக்குப் புகார் எழுதியதையும் நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் கேட்டிருக்கலாம், நான் பணம் கொடுத்திருப்பேன். காசு போலி என்று திரும்பி வந்ததும் அவர் உடைந்துபோயிருப்பார் என்றுதான் பயந்தேன். "என்ன சொன்னார்?" என்று நான் கேட்டபோது நீங்கள் குறிப்பைப் பார்த்து வாசித்தீர்களே. வயிறு குலுங்கச் சிரித்தாராம். "அந்தத் திருட்டுப்பயல் லெஸ்டர் வேலையாத்தான் இருக்கும். போகட்டும் விடும்மா, அன்னிக்கு நான் ஆடுன ஆட்டம் அசல்தானே?" என்றாராம் உங்களிடம்.

க்ளாரி பெருந்தன்மையானவர். எனக்காக அப்படிச் சொல்லியிருப்பார்.

நீங்கள் நரெல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்கிற எண்ணமும் உங்களுக்கு இல்லை என்று தெரியும். ஆனால் பர்னியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், பிறகு எதற்கு இன்னொரு நடை? அதனால்தான் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

முழுசாகச் சொல்வதென்றால் இன்னொன்றும் உண்டு. டேபிள் கேப்புக்குப் போகும் வழியில், காரில், அவள் என் முழங்கையைத் தட்டினாள்.

"மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்க? நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. இனிமே செய்யாத, அது போதும். க்ளாரி இருக்கிற வரைக்கும் அது அசல் காசுதான். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரியும், சரியா?"

நரெல் சொன்னால் சொன்னபடி இருப்பாள். அதில் எனக்கு அப்போதும் சந்தேகமில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் என் படங்களை எல்லோரும் பாராட்டும்போது, மேஜையின் அந்தக் கோடியில் அவள் ஒருத்தி அந்தச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

க்ளாரிக்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும்?