தவளைக்கு ஒரு கட்டளை

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு விவசாயிகள். பெரியவர் சொன்னதைக் கேட்டதும் நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“மலையில ஒரு தவளைக்குக் கட்டளை எழுதி வச்சிருக்கேன்ப்பா.”

“கோயில் விளக்குக்கு எழுதி வைப்பாங்களே, அந்தக் கட்டளையாண்ணே?”

“அதே மாதிரிதான். பணத்த பேங்குல போட்டு, அசலத் தொடாம, வட்டிய வச்சே என்னைக்கும் காட்டப் பாத்துக்குவாங்களாம். விவசாய சங்கக் கூட்டத்துல, காட்டக் காப்பாத்துற அமைப்புலேர்ந்து ஒரு அம்மா வந்து பேசுச்சு.”

“தவள நம்ம வயல்லயே கத்துதே!”

“இது அந்த மலையில மட்டும்தான் இருக்காம். அது செத்தா காடு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமாம். காடு கெட்டா ஆத்துக்குத் தண்ணி இல்லயாம்.”

“தண்ணி மேட்டூர்லேர்ந்துல்ல வருது?”

“நானும் அதத்தான் கேட்டேன். மேட்டூருக்கு எங்கேர்ந்து வருதுன்னு திருப்பிக் கேட்டுச்சு.”

இளையவர் யோசித்தார்.

“கட்டளைன்னா நம்ம நட்சத்திரத்துல அர்ச்சனை பண்ணிப் பிரசாதம் அனுப்புவாங்க. இவங்க?”

“அவங்க எழுதச் சொன்ன பாரத்துல நட்சத்திரமே கேக்கல. நானே ஓரத்துல அனுஷம்னு எழுதிக் குடுத்தேன். அந்தம்மா முழிச்சுது.”

“பிரசாதம்?”

“ஒங்க வாய்க்கால்ல வரும்னுச்சு.”

பேருந்து வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறியது. இருவரும் சன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார்கள். மணல்தான் கிடந்தது.

“ஏண்ணே, அந்தத் தவள இப்ப உசுரோட இருக்குதான்னு கேட்டீங்களா?”